உஷார்! மூச்சை இழுக்கும் முன் ரத்தத்தைச் சோதியுங்கள்

சிங்கப்பூரில் காத்தோங் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இது அவசரச் செய்தி. மாதக்கணக்கில் விடாத களைப்பு. காலையில் எழும்போதே அடித்துப்போட்டது போன்ற உடம்பு. மேம்பாலப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. “பிராணாயாமம் செய்யுங்க, எல்லாம் சரியாயிடும்” என்று யாரோ சொல்ல, கைப்பேசியில் ஒரு காணொளியைப் போட்டுக்கொண்டு நீங்களும் உட்கார்ந்துவிட்டீர்கள். அப்படியானால் இன்றைய பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு இதை முழுவதும் படியுங்கள்.

மூச்சுப்பயிற்சி கெட்டது என்று சொல்ல வரவில்லை. நானே இன்றைக்கும் தினமும் செய்கிறேன். ஆனால் அதைத் தவறாகச் செய்து ஒரு காலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சரிந்து உட்கார்ந்தவள் நான். அதை மட்டும் நம்பி ஐந்து மாதங்களை வீணாக்கியவளும் நான்தான். நான் பட்டது உங்களுக்கு வேண்டாம்.

அன்று காலை நடந்தது

அப்போது எனக்கு 47 வயது. களைப்பு தொடங்கியதும் வயதைக் காரணம் சொன்னேன், பிறகு வேலையை, பிறகு பிள்ளைகளின் தேர்வை. ஜூ சியாட் சாலையில் காய்கறிப் பையோடு நடந்தால் இரண்டு இடத்திலாவது நிற்க வேண்டியிருந்தது. சிலோன் ரோடு செண்பக விநாயகர் கோயிலில் வழக்கமாக மூன்று முறை வலம் வருவேன். அந்த மாதங்களில் ஒரு சுற்றிலேயே தூணோரம் உட்கார்ந்துவிடுவேன்.

தெரிந்தவர் ஒருவர், மூக்குத் துளைகளில் மாறி மாறி மூச்சுவிடும் நாடி சுத்தியைச் சொல்லித்தந்தார். பத்து நிமிடம் செய்ததும் மனம் லேசானது, இரவில் தூக்கமும் கொஞ்சம் கூடியது. சரியான வழியில்தான் போகிறோம் என்று நம்பிவிட்டேன். களைப்பு மட்டும் போகவில்லை. பயிற்சி போதவில்லையோ என்று தோன்றியது. அடுத்தடுத்த காணொளிகளைத் தேடினேன். நாடி சுத்தி போய், மூச்சை வேகமாக வெளித்தள்ளும் கபாலபாதி வந்தது. முப்பது வீச்சு நூற்றிருபது ஆனது. கடைசியில் மூச்சைப் பிடித்துவைப்பதும் சேர்ந்துகொண்டது.

அன்று கடற்கரை ஓரம், வெறும் வயிறு. நூறு வீச்சைத் தாண்டியிருப்பேன். உதடு மரத்தது. விரல்களில் எறும்பு ஊர்ந்தது. அந்த விரல்கள் தாமாகவே உள்பக்கம் மடங்கிக்கொண்டன, நீட்ட முடியவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. மிதிவண்டியில் வந்த ஒரு பையன் ஓடி வந்து, “ஆன்ட்டி, உட்காருங்க, பேசாதீங்க. ஆம்புலன்ஸுக்கு 995 கூப்பிடவா?” என்று கேட்டுக்கொண்டே என்னைப் பிடித்து உட்கார வைத்தான். அவன் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கிருந்தாலும் நன்றாயிருக்கட்டும்.

மறுநாள் பலதுறை மருந்தகம் போனேன். மருத்துவர் முதலில் கேட்டது மூச்சைப் பற்றி இல்லை. “மாதவிலக்கு எப்படி இருக்கு? எத்தனை நாள் போகுது?” என்றார். ஒன்பது நாள், கட்டி கட்டியாக. ‘இந்த வயதில் அப்படித்தான்’ என்று விட்டிருந்தேன். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.9. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. ஸ்கேனில் கருப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. என் உடம்பில் ரத்தமே போதவில்லை. நானோ காற்றை இழுத்து இழுத்துத் தெம்பு தேடிக்கொண்டிருந்தேன்.

வேக மூச்சால் ஆக்சிஜன் கூடுமா?

‘வேகமாக மூச்சுவிட்டால் உடம்பெல்லாம் ஆக்சிஜன் நிறையும்’ என்று சொல்லாத காணொளி அபூர்வம். இது தவறு. நலமாக இருப்பவரின் ரத்தம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 95 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறது. விரலில் மாட்டும் சிறு கருவியே அதைக் காட்டிவிடும். ஏற்கெனவே நிறைந்த குடத்தில் மேலும் ஊற்ற இடம் ஏது?

வேக மூச்சு செய்வது வேறொன்று. ரத்தத்தில் இருக்கவேண்டிய கரியமில வாயுவை அது அளவுக்கு மீறி வெளியேற்றிவிடுகிறது. உடனே ரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை லேசாக மிதப்பது அதனால்தான். பலர் இந்த மிதப்பைப் ‘பிராண சக்தி ஏறுகிறது’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அந்த நேரத்தில் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கிறது. ரத்தத்தில் செயல்படும் நிலையில் உள்ள கால்சியமும் குறைவதால் உதடு மரக்கிறது, விரல் மடங்குகிறது. எனக்கு நடந்தது அச்சு அசலாக இதுதான்.

ரத்தசோகை உள்ளவருக்குக் குறைவது காற்று இல்லை, காற்றைச் சுமக்கும் வண்டி. வண்டியே இல்லாதபோது கிடங்கில் மூட்டையை அடுக்கி என்ன பயன்?

மென்மையாகத் தொடங்கி வன்மையாக முடிவதே ஆபத்து

மெதுவான மூச்சுக்கு உண்மையான பலன் உண்டு. நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை ஆறு முறை அளவுக்குக் குறைக்கும்போது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரு சீரான தாளத்துக்கு வருவதை இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார்கள். ஜெபமாலை சொன்னவர்களுக்கும் மந்திரம் சொன்னவர்களுக்கும் மூச்சு இயல்பாகவே அந்த ஆறுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஓதுவதும் பாடுவதும் மனத்தை ஆற்றுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

கபாலபாதி, அதுபோன்ற வேக மூச்சான பஸ்திரிகா, மூச்சைப் பிடித்துவைக்கும் நீண்ட கும்பகம் ஆகியவற்றின் கதை வேறு. 2004இல் ‘செஸ்ட்’ என்ற மருத்துவ இதழில் ஒரு நேர்வு பதிவாகியிருக்கிறது. வேறு நோய் எதுவும் இல்லாத 29 வயதுப் பெண்ணுக்குக் கபாலபாதியை அளவுக்கு மீறிச் செய்ததில் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்து, நுரையீரல் சுருங்கிவிட்டது. 2013இல் ஹோல்கர் கிராமரும் அவருடைய சகாக்களும் யோகாவால் நேர்ந்த பாதிப்புகளாக மருத்துவ இதழ்களில் பதிவான 76 பேரின் நிலையைத் தொகுத்தார்கள். தலைகீழாக நிற்பதும் பத்மாசனமும் பிராணாயாமமும் அதில் அடிக்கடி வந்தன. ஒருவர் இறந்தும் போயிருக்கிறார். பயிற்சி செய்யும் கோடிக்கணக்கானவர்களோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தலைகீழ் ஆசனத்தையும் வலுவான மூச்சுப்பயிற்சியையும் தவிர்க்கவேண்டும் என்று அவர்கள் சொன்னதை நாம் காதில் வாங்கவேண்டாமா?

இவர்கள் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சைப் பிடித்துவைத்தல் ஆகியவற்றைத் தொடவே கூடாது: உயர் ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், வலிப்பு வந்தவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், வயிற்றிலோ மார்பிலோ அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள். திடீர்ப் பதற்றம் வந்து நெஞ்சு படபடக்கும் பழக்கம் உள்ளவர்களும் விலகியிருங்கள். வேக மூச்சே அந்தப் பதற்றத்தைக் கிளப்பிவிடும்.

திருமூலர் கணக்கை எடுத்தவர்கள் வரிசையை விட்டுவிட்டார்கள்

வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு சுற்றுகிறது. 16 மாத்திரை (கால அளவு) இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விட வேண்டும். திருமூலர் எழுதிய திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இந்தக் கணக்கு இருப்பது உண்மைதான். ‘நம்ம சித்தர் சொன்னது’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு 64 வரை மூச்சைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். அவர்களில் பலர் காலையில் ரத்த அழுத்த மாத்திரை போட்டுக்கொண்டவர்கள்.

அதே திருமூலர் எட்டு உறுப்பு யோகத்தில் பிராணாயாமத்தை நான்காவதாகத்தான் வைத்தார். இயமம், நியமம், ஆதனம் மூன்றும் அதற்கு முன்னே வருகின்றன. ஒழுக்கத்தாலும் உணவாலும் இருக்கையாலும் உடம்பைப் பதப்படுத்தியவனுக்கு, குருவின் கண்முன்னே சொன்ன கணக்கு அது. ஹட யோகப் பிரதீபிகை என்ற நூலும் மூச்சைச் சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோல மெல்ல மெல்லத்தான் பழக்கவேண்டும், இல்லையென்றால் பழக்குபவனையே அழித்துவிடும் என்று எச்சரிக்கிறது. நூறு வயது வாழ்ந்த யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் தம்மிடம் வந்தவர்களுக்கு ஆளைப் பார்த்து, நோயைப் பார்த்துத்தான் பயிற்சியைக் கொடுத்தார். எல்லாருக்கும் ஒரே காணொளி என்பது நம் மரபிலேயே இல்லாத வழக்கம்.

களைப்புக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது?

களைப்பு நோயின் பெயரன்று. உடம்பு அடிக்கும் மணி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டால் சத்தம் நிற்கும், வீட்டில் பற்றிய நெருப்பு நிற்காது. மெதுவான மூச்சு தரும் அமைதி சில நேரம் அப்படி நாக்கைக் கட்டிவிடுகிறது. என் ஐந்து மாதங்கள் போனது அதனால்தான்.

ரத்தசோகையை முதலில் சொல்கிறேன். பெண்களுக்கு அதிக மாதவிலக்கு பெரிய காரணம். ஆனால் ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்தால், குடலில் எங்கோ ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். பெருங்குடல் புற்றுநோய்கூட அப்படித் தலைகாட்டும். சாப்பிட்ட கையோடு தே தாரிக் குடிப்பவர்கள் கவனியுங்கள்: சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுவதைத் தேநீர் குறைக்கும்.

அடுத்து நீரிழிவு. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடம் இது அதிகம். தாகம், அடிக்கடி சிறுநீர், களைப்பு மூன்றும் சேர்ந்தால் தாமதிக்காதீர்கள். ஏற்கெனவே மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு நாள்பட பி12 வைட்டமின் குறையலாம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் அதே ஆபத்து உண்டு. கை கால் மரத்துப்போவதும் களைப்பும் சேர்ந்து வந்தால் பி12 அளவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தைராய்டு குறைந்தால் உடல் எடை ஏறும், மலச்சிக்கல் வரும், அலுவலகக் குளிர்சாதனத்தில் மற்றவர்களைவிட அதிகமாகக் குளிரும். இரவில் பலத்த குறட்டை, இடையிடையே மூச்சுத் திணறி விழிப்பு, பகலில் தூங்கி வழிதல் என்றால் உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம். சிங்கப்பூரில் நடந்த ஓர் ஆய்வில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இது மிதமாகவோ கடுமையாகவோ இருப்பது தெரிந்தது. பெரும்பாலோருக்குத் தமக்கு இருப்பதே தெரியவில்லை. பகலில் எத்தனை பிராணாயாமம் செய்தாலும் இரவில் அடைபடும் தொண்டையை அது திறந்துவிடாது.

இதயத்தை மறந்துவிடாதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு சில நேரம் நெஞ்சு வலியாக வராமல், சில நாட்களாகத் தொடரும் இனம் புரியாத களைப்பாகத் தொடங்கும். மனச்சோர்வும் அப்படித்தான், அழுகையாக வராமல் அசதியாக வரும். ‘வாழ்ந்து என்ன ஆகப்போகிறது’ என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் மூச்சை எண்ணிக்கொண்டு தனியாக உட்காராதீர்கள். 1767 என்ற எண்ணில் இரவு பகல் எந்த நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.

டெங்கி, கொவிட் வந்து போனவர்களே, உங்களுக்குத் தனியாக

தொற்று போன பின்னும் மாதக்கணக்கில் களைப்பு தொடர்வதுண்டு. அதில் ஒரு வகை மிகவும் ஏமாற்றும். செய்யும்போது ஒன்றும் தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்து உடம்பைப் படுக்கையில் தள்ளிவிடும். அப்படிப்பட்டவர்கள் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று பயிற்சியைக் கூட்டினால் நோய் முற்றும். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு, நாள்பட்ட களைப்பு நோயாளிகளுக்குப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சையைத் தரக்கூடாது என்று 2021இல் சொல்லிவிட்டது.

நம்பிக்கை தரும் செய்தியும் இருக்கிறது. ஜப்பானில் தகாகஸு ஓகா என்ற மருத்துவரின் குழு, வேறு சிகிச்சைகளில் குணமாகாத 30 நாள்பட்ட களைப்பு நோயாளிகளை எடுத்து, பாதிப் பேருக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி மூச்சோடு இணைந்த மென்மையான யோகா சொல்லித்தந்தது. இரண்டு மாதத்தில் அவர்களின் களைப்பு குறைந்தது. 2014இல் அது வெளியானது. ஆனால் அங்கேயும் முதல் வகுப்புக்குப் பிறகு இருவருக்கு அசதியும் ஒருவருக்குத் தலைசுற்றலும் வந்தன. பயிற்சியாளர் நேரில் சொல்லித்தந்தார், நோய் என்னவென்று முன்கூட்டியே தெரிந்திருந்தது, பயிற்சி உடம்புக்கு ஏற்றபடி அளந்து கொடுக்கப்பட்டது. இந்த மூன்றும் கைப்பேசித் திரையில் கிடைக்காது.

நம் வட்டாரத்தில் கவனிக்க வேண்டியவை

நீச்சல் குளம்: காத்தோங்கில் கொண்டோமினியம் தோறும் குளம் உண்டு. நீருக்குள் நீண்ட நேரம் இருப்பதற்காக முன்னதாக வேக மூச்சு இழுக்கும் பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. கரியமில வாயு குறைந்துவிடுவதால் ‘மூச்சு வேண்டும்’ என்ற உந்துதல் வராமலே நீருக்கடியில் நினைவு போய்விடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். குளத்திலோ கடலிலோ மூச்சுப்பயிற்சி ஒருபோதும் வேண்டாம்.

புகைமூட்டம்: 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டதை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நாட்களில் ‘கடற்காற்று நல்லது’ என்று கடற்கரையில் உட்கார்ந்து ஆழமாக இழுத்தால் நுரையீரலில் இறங்குவது புகைதான். குறியீட்டைப் பார்த்துவிட்டு வெளியே போங்கள்.

ஆசிரியர்: சிங்கப்பூரில் சீன மருத்துவர்களுக்குப் பதிவுச் சட்டம் இருக்கிறது. யோகா சொல்லித்தருபவருக்கு அப்படி அரசாங்க உரிமம் எதுவும் தேவையில்லை. ஆகவே சோதிக்க வேண்டியது நீங்கள்தான். முதல் நாளே உங்கள் நோயையும் மாத்திரையையும் கேட்கிறாரா? தலைசுற்றினால் நிறுத்தச் சொல்கிறாரா? ‘மாத்திரையை விட்டுவிடுங்கள்’ என்று எவர் சொன்னாலும் அன்றே வெளியே வந்துவிடுங்கள். இன்சுலினையும் தைராய்டு மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் எந்த மூச்சும் ஈடு செய்யாது.

அப்படியானால் எப்படிச் செய்வது?

இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் களைப்பு நீடித்தால் முதல் வேலை மருத்துவரைப் பார்ப்பது. 40 வயதைத் தாண்டியவர்கள் 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தில் ஒரு குடும்ப மருத்துவரிடம் சேரலாம். குடிமக்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகள் அங்கே கட்டணமில்லாமல் கிடைக்கும். ஆனால் வாய் திறந்து ‘எனக்கு இத்தனை மாதமாகக் களைப்பு’ என்று சொல்லுங்கள். சொன்னால்தான் ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 என்று தேவையானதை எழுதிக்கொடுப்பார்.

மருத்துவர் சரி என்ற பிறகு, என் இன்றைய பயிற்சி இவ்வளவுதான். முதுகு சாயும் நாற்காலியில் உட்காருகிறேன். மூக்கு வழியாக, வயிறு மெல்ல எழும்பும்படி மனத்துக்குள் நான்கு எண்ணும் வரை இழுக்கிறேன். ஆறு எண்ணும் வரை விடுகிறேன். நான்கு சிரமமாக இருந்தால் மூன்று. இடையில் பிடித்துவைப்பதே இல்லை. ஐந்து நிமிடம் ஆனதும் எழுந்துவிடுகிறேன். வயிறு நிறையச் சாப்பிட்ட உடன் செய்வதில்லை, வண்டி ஓட்டும்போது செய்வதில்லை. தலை சுற்றினாலோ உதடு மரத்தாலோ அந்த நொடியே நிறுத்தி இயல்பாக மூச்சுவிட வேண்டும். மறுநாள் களைப்பு கூடியிருந்தால் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும்.

இவற்றில் ஏதாவது வந்தால் பயிற்சி வேண்டாம், 995 அழையுங்கள்: நெஞ்சில் பாரம் அல்லது வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், மயக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் இழுத்துக்கொள்வது. அதே நாளில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவை: கறுத்த மலம் அல்லது மலத்தில் ரத்தம், நிற்காத மாதவிலக்கு, திடீரென வீங்கிய கால். காரணமில்லாமல் எடை குறைந்தாலும், வாரக்கணக்கில் இரவு வியர்வையும் இருமலும் இருந்தாலும் அந்த வாரத்துக்குள் பார்த்துவிடுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையும் நார்க்கட்டிக்கான சிகிச்சையும் எடுத்துக்கொண்ட பிறகு, நான்கு மாதத்தில் என் ஹீமோகுளோபின் 12ஐத் தாண்டியது. செண்பக விநாயகரை இப்போது மூன்று முறையும் நிற்காமல் வலம் வருகிறேன். காலையில் ஐந்து நிமிட மூச்சும் உண்டு. சிகிச்சை களைப்பைப் போக்கியது, மூச்சு மனத்தை ஆற்றியது. இரண்டுக்கும் அதனதன் இடம் உண்டு.

உங்கள் வீட்டில் ‘எப்பப் பார்த்தாலும் அசதியா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டிருக்கும் அம்மாவோ, அக்காவோ, மாமாவோ இருப்பார். அவருக்கு இன்னொரு காணொளியை அனுப்பாதீர்கள். இந்த வாரமே மருந்தகத்துக்கு முன்பதிவு செய்து, கூடவே போய்வாருங்கள்.